தலையாட்டுகிறவர்கள்தான் முதலில் போகிறார்கள்

இளைஞர்களோடு வேலை செய்யும் மனநலத் தெரபிஸ்ட்டுகள் நான்கு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. முதல் செஷன் நன்றாகப் போயிருக்கும், இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதற்கு முந்தின நாள் ஒரு செய்தி வரும்: "மேடம், இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு. அடுத்த வாரம் எப்போ வரேன்னு சொல்றேன்." அதோடு சரி.

18 வயதிலிருந்து 25 வயது வரை உள்ளவர்களோடுதான் என் வேலையின் பெரும்பகுதி. பாதியில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படுகிறது. "இதெல்லாம் எதுக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள், பாதி நேரம் கோபமாகவே உட்கார்ந்திருந்தவர்கள், எப்போதும் தாமதமாக வந்தவர்கள் ஆகியோரில் நிறையப் பேர் தொடர்ந்து வந்தார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, சிரித்த முகமாக நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களில்தான் பலர் திரும்பி வரவில்லை.

இதில் ஆச்சரியம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. இருபது வயதில் இருக்கும் ஒருவர் அதுவரை எந்தப் பெரியவர்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசியிருப்பார்? பெற்றோர், ஆசிரியர், வேலைக்கு நேர்காணல் நடத்தியவர். அவர்களிடம் பிடிக்காததைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நேரில் ஒத்துக்கொண்டு, பிறகு சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளப் பழகியிருக்கிறார். தெரபிஸ்ட்டும் கேள்வி கேட்கிற, நடுநடுவே எதையோ குறித்துக்கொள்கிற இன்னொரு பெரியவர்தானே. ஏதாவது ஒத்துவராவிட்டால் அவர் சொல்லமாட்டார், வராமல் நின்றுவிடுவார்.

ஆகவே இளைஞர்களைத் தெரபியில் தக்கவைக்க நான் செய்வது எல்லாமே ஒரு நோக்கத்துக்காகத்தான்: காணாமல் போவதைவிட என்னோடு முரண்படுவது அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிகள். நான் சொல்லும் உதாரணங்கள் எதுவும் தனி ஒருவருடைய கதை அல்ல; பலருடைய அனுபவங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

இந்த வயதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, வாழ்நாளில் மனநலப் பாதிப்பு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. அதாவது உதவி அதிகம் தேவைப்படும் காலம் இதுதான். ஆனால் விட்டுப் போவதும் இந்த வயதில்தான் அதிகம். ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் இருவரும் 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, சராசரியாக ஐந்தில் ஒருவர் தெரபியைப் பாதியில் நிறுத்துகிறார். வயது குறையக் குறைய அந்த வாய்ப்பு கூடுகிறது. போதாக்குறைக்கு, படிப்பு, வேலை, தங்கும் இடம், காதல் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கும் வயது. செமஸ்டர் முடிந்தால் ஊர் மாறுகிறார், வேலை கிடைத்தால் நேரம் மாறுகிறது. வாரத்தில் ஒரே நாள், ஒரே மணி என்ற ஏற்பாடு இப்படிப்பட்ட வாழ்க்கையில் நிற்பதே பெரிய விஷயம்.

முதல் செஷனில் நான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவது, இவர் யாருடைய விருப்பத்தில் வந்திருக்கிறார் என்பதைத்தான். தாமாக வருகிறவர்கள் உண்டு. ஆனால் அம்மா சொன்னார், காதலி நிபந்தனை போட்டார், கல்லூரியில் அனுப்பினார்கள் என்று வருகிறவர்களும் நிறைய. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள்ளேயே இருந்த ஓர் இளைஞரோடு நடந்த பேச்சு கிட்டத்தட்ட இப்படி:

"என்ன மாறணும்னு நினைக்கிறீங்க?"

"தெரியல மேடம். அம்மாதான் போகச் சொன்னாங்க."

"அம்மாவுக்கு என்ன மாறணும்?"

"நான் ரூமை விட்டு வெளிய வரணும்."

"உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவங்க தினமும் வந்து கதவைத் தட்டறது நிக்கணும்."

அதையே எங்கள் இலக்காக எழுதிக்கொண்டோம். மனச்சோர்வு குறைவது, படிப்புக்குத் திரும்புவது எதையும் நான் அதில் சேர்க்கவில்லை. கதவு தட்டப்படாமல் இருக்க என்ன வேண்டும் என்று பேசப் போனோம். அவர் தினமும் ஒரு வேளையாவது வெளியே வந்து உட்கார்ந்தால் அம்மா தட்டமாட்டார். சரி, வெளியே வந்து உட்கார்வதில் என்ன கஷ்டம்? அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே வந்து நின்றது நிஜமான விஷயம். அவருடைய வாயிலிருந்து வந்த இலக்கைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் அங்கே போய்ச் சேர முடிந்தது. நானாக ஓர் இலக்கைக் கொடுத்திருந்தால் அதற்கும் மரியாதையாகத் தலையாட்டியிருப்பார்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இலேயே தெரபி உறவுக்கு மூன்று கால்களைச் சொன்னார்: இலக்கில் ஒப்புதல், செய்யப்போகும் வேலையில் ஒப்புதல், இருவருக்கும் இடையிலான பிணைப்பு. இளைஞர்கள் என்றதும் நாம் மூன்றாவதைத்தான் கவனிக்கிறோம். அவர்கள் பாஷையில் பேசுவது, அவர்கள் பார்க்கிற சீரியலைத் தெரிந்து வைத்துக்கொள்வது என்றெல்லாம் மெனக்கெடுகிறோம். அது தவறில்லை. ஆனால் முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது மட்டும் இருந்தால் அவர் நம்மை விரும்புவார், வரமாட்டார்.

அடுத்து, "தெரியல" என்கிற பதில். இந்த வயதினரிடம் அதிகம் கேட்கும் பதில் அதுதான். சிலர் இதை மறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையான பதில். தன் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு நிஜமாகவே இன்னும் தெரியாது. இன்னொரு கேள்வியைப் போட்டால் இன்னொரு "தெரியல" வரும். நான் செய்வது, மூன்று ஊகங்களை முன்வைப்பது. "நான் மூணு விஷயம் சொல்றேன். சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணு, இங்க வந்ததே அவமானமா இருக்கு. ரெண்டு, நான் வீட்ல சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. மூணு, எல்லாமே நல்லாத்தான் இருக்கு, மத்தவங்கதான் பெருசு பண்றாங்க." மூன்றில் ஒன்றை, பொருந்தாது என்று எனக்கே தெரிந்துதான் வைக்கிறேன். அவர் "இல்ல, மூணாவது தப்பு" என்று சொல்லும்போது, என்னைப் பார்த்து முதல் முறையாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பார்த்திருக்கிறார். அந்தச் சின்ன மறுப்பு எனக்கு நீண்ட விளக்கங்களைவிட மதிப்புள்ளது.

தெரபி எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் முக்கியம். மார்ட்டின் ஆர்ன், பால் வெண்டர் இருவரும் 1968-இலேயே, சிகிச்சை தொடங்கும் முன் அதில் இருவருடைய பங்கும் என்ன, நடுவில் என்னென்ன தோன்றலாம் என்று விளக்கிவிட வேண்டும் என்று எழுதினார்கள். முதல் செஷனில் ஒரு பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குகிறேன். எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்று எல்லாரும் கேட்க நினைப்பார்கள், பலர் கேட்கமாட்டார்கள். கென்னத் ஹோவர்ட் குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் பாதிப் பேருக்கு 8 செஷன்களுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 26 செஷன்களுக்குள்ளும் முன்னேற்றம் தெரிந்தது. அதை வைத்து, "முதல்ல எட்டு முறை பார்ப்போம். எட்டாவதுல உட்கார்ந்து இது உதவுதா இல்லையான்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்கிறேன். முடிவு எப்போது வரும் என்றே தெரியாத ஏற்பாட்டில் யாரும் மனம் ஒட்ட மாட்டார்கள்.

இந்த விளக்கத்தில் நான் விடாமல் சொல்லும் ஒன்று உண்டு. யாரிடமும் சொல்லாத விஷயத்தை ஒருவர் மனம் திறந்து சொல்லும் செஷன், நமக்கு மிக நல்ல செஷனாகத் தெரியும். ஆபத்தும் அதற்கு அடுத்த வாரம்தான். அன்று லேசாக உணர்ந்தவருக்கு மறுநாள் காலையில் "ஏன் சொன்னோம்?" என்று கூச்சம் வரும். அடுத்த முறை வந்தால் அதைப் பற்றியே கேட்பார்களே என்று பயம் வரும். வராமல் இருந்துவிடுவது சுலபம். அதனால் அப்படிப்பட்ட செஷன் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பேச்சை மெல்ல இறக்கி, இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்: "இன்னிக்கு நிறைய சொல்லிட்டீங்க. நாளைக்கு சொல்லியிருக்க வேண்டாமோன்னு தோணலாம். தோணினா ஆச்சரியப்படாதீங்க. அடுத்த வாரம் இதையேதான் பேசணும்னு இல்ல, எதைப் பேசலாம்னு நீங்க முடிவு பண்ணுங்க." இதைக் கேட்டுவிட்டு மறுவாரம் வந்து, "நீங்க சொன்ன மாதிரியே தோணுச்சு மேடம்" என்று சொன்னவர்கள் பலர்.

இனி கருத்துக் கேட்பது. ஸ்காட் மில்லர், பாரி டங்கன் போன்றோர் உருவாக்கிய சிறிய படிவம் ஒன்று இருக்கிறது. செஷன் முடிவில் நான்கு கோடுகளில் குறி வைக்க வேண்டும்: மதிப்போடு கேட்டார்களா, நான் பேச விரும்பியதைப் பேசினோமா, அணுகுமுறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் நாற்பது. 36-க்குக் கீழே வந்தால் உடனே பேச வேண்டும் என்பது அதன் வழக்கம். நல்ல கருவிதான். ஆனால் தலையாட்டுகிறவர் நான்கு கோட்டிலும் கடைசி நுனியில் குறி வைத்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தருவார். இளைஞர்கள் நாற்பதுக்கு நாற்பது போடும்போது நான் சந்தோஷப்படுவதில்லை, இன்னும் என்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பதற்றத்துக்காக வந்த ஒரு பெண். ஐந்தாவது செஷனோ என்னவோ, வழக்கம்போல முழு மதிப்பெண்.

"எல்லாமே முழுசா போட்டிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கம்மி பண்ணணும்னா எதைப் பண்ணுவீங்க?"

"இல்ல மேடம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அடுத்த வாரம் நான் எதைக் கொஞ்சம் குறைச்சா நல்லா இருக்கும்?"

தயங்கினார். "அந்த மூச்சுப் பயிற்சி... மூச்சைக் கவனிச்சா எனக்குப் படபடப்பு ஜாஸ்தி ஆகுது."

இந்த இடத்தில் அடுத்த அரை நிமிடத்தில் தெரபிஸ்ட் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி ஏன் நல்லது, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கத் தொடங்கினால், அவர் மறுபடி தலையாட்டுவார். இனி எதையும் சொல்லமாட்டார். உண்மையில் பதற்றத் தாக்குதல் வரும் சிலருக்கு உடலுக்குள் கவனத்தைத் திருப்புவதே பதற்றத்தைக் கூட்டும். "இதைச் சொன்னது ரொம்ப உதவி. அதை நிறுத்திடுவோம்" என்று சொல்லி, மறுவாரம் மூச்சுக்குப் பதிலாக அறையில் இருக்கும் பொருள்களைக் கவனிப்பதில் தொடங்கினோம். "நீங்க சொன்னதாலதான் இதை மாத்தினோம்" என்று வாய்விட்டும் சொன்னேன். அதற்குச் சில வாரம் கழித்து, தன் நண்பரைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்வி அவர் மேல் பழி போடுவதுபோல இருந்தது என்று அவராகவே ஆரம்பித்தார். அன்று படிவத்தில் நாற்பதுக்கு முப்பத்திரண்டுதான் போட்டார். அந்த நாளிலிருந்துதான் எங்கள் வேலை வேகம் பிடித்தது.

ஜெரமி சஃப்ரான், கிறிஸ்டஃபர் முரான் இருவரும் தெரபி உறவில் வரும் விரிசல்களை இரண்டாகப் பிரித்தார்கள்: மோதல் ஒன்று, விலகல் இன்னொன்று. மோதல் கண்ணுக்குத் தெரியும். விலகல் பணிவு மாதிரியே இருக்கும். பதில்கள் சுருங்கும், நமக்குப் பிடித்த வார்த்தைகளில் பேசுவார், "எனக்கு எப்படி இருக்கு" என்பதை விட்டுவிட்டு மற்றவர்கள் கதையைச் சொல்வார், மணியைப் பார்ப்பார். இதில் எதையாவது கண்டால் அந்த செஷனிலேயே கேட்டுவிட வேண்டும். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் அடுத்த வாரம் இல்லாமலே போகலாம்.

டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினஹன், இந்த முரண்படுதலைத் தலைகீழாகவும் செய்தார். சிகிச்சை தொடங்கும் முன்பே தெரபிஸ்ட் எதிர்ப் பக்கத்தில் நின்று வாதாடுவார்: இது ரொம்பக் கஷ்டமாச்சே, இவ்வளவு நேரம் எடுக்குமே, இப்போது எதற்கு? அப்போது வந்தவர் தன் வாயாலேயே, ஏன் வேண்டும் என்று சொல்ல ஆரம்பிப்பார். இதை நாடகம்போலச் செய்தால் இளைஞர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நிஜமான சந்தேகம் இருக்கும்போது மட்டும் செய்கிறேன்.

பெற்றோர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பணம் கட்டுவது அவர்கள், பேச வருவது பிள்ளை. "எப்படிப் போகுது டாக்டர், ஏதாவது சொன்னானா?" என்று வரும் தொலைபேசி அழைப்பில் கெட்ட எண்ணம் இருக்காது, கவலைதான் இருக்கும். ஆனால் நான் ஒரு வரி சொன்னேன் என்று தெரிந்தால் போதும், அந்த இளைஞர் திரும்பமாட்டார். அதனால் தொடக்கத்திலேயே, முடிந்தால் மூவரும் ஒரே அறையில் இருக்கும்போதே, கோடு கிழித்துவிடுகிறேன். 18 வயது நிறைந்தவர் இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வேன். அப்போதும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். பெற்றோர் என்னிடம் எதையும் சொல்லலாம், ஆனால் அவர்கள் சொன்னதை நான் பிள்ளையிடம் மறைக்கமாட்டேன். அழைப்பு வந்த வாரத்தில் செஷனை அதோடுதான் தொடங்குகிறேன்: "செவ்வாய்க்கிழமை அம்மா போன் பண்ணாங்க. இன்னது கேட்டாங்க, நான் இன்னது சொன்னேன்." பெற்றோரை ஒதுக்கி வைப்பதும் வேலைக்கு ஆகாது. என்ன பேசினீர்கள் என்று கேட்காமல், "போறதுக்கு வண்டி வேணுமா?" என்று மட்டும் கேட்கச் சொன்னால் பல பெற்றோர் அதை நிம்மதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல்தானே அவர்கள் அழைக்கிறார்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. டில் ரோனபெர்க் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதின்ம வயது முழுக்கத் தூக்க நேரம் தள்ளிக்கொண்டே போய், ஏறக்குறைய 20 வயதில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகுதான் மெல்ல முன்னால் திரும்புகிறது. காலை ஒன்பது மணி செஷனுக்கு வராத இளைஞரை அக்கறை இல்லாதவர் என்று எழுதிவிடுவதற்கு முன்னால் மாலை ஆறு மணியைக் கொடுத்துப் பார்க்கலாம். பரீட்சைக் காலத்தில் முழு செஷனுக்குப் பதில் இருபது நிமிடம் போதும். ஆன்லைன் செஷன் என்றால், வீட்டில் தனியாகப் பேச இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். மாடிப்படியில் உட்கார்ந்தும், நிறுத்தி வைத்த வண்டிக்குள் இருந்தும் பேசியவர்கள் உண்டு. யாராவது அறைக்குள் வந்துவிட்டால் சாட்டில் ஒரு புள்ளி வைத்தால் போதும், உடனே பேச்சை மாற்றிவிடுவேன் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். கேமராவை அணைத்துவைத்துப் பேச விரும்பினால் பேசட்டும்.

வீட்டுப் பயிற்சி என்ற சொல்லே பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகிறது. செய்யாதவர், செய்யவில்லை என்று சொல்லக் கூசி அந்த வாரத்தையே விட்டுவிடுவார். அதனால் செஷனுக்குள்ளேயே முதல் படியைச் செய்துவிடுகிறோம். அனுப்ப வேண்டிய செய்தியை அங்கேயே தட்டச்சு செய்து, அங்கேயே அனுப்பிவிட்டுப் போகிறார்.

வராத நாளில் என்ன செய்வது? அன்றே ஒரு செய்தி அனுப்புகிறேன். "இன்னிக்கு உங்களைப் பார்க்க முடியல. வேலை வந்திருக்கலாம், வரப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம், ரெண்டுமே பரவாயில்ல. அடுத்த வியாழன் ஆறு மணி உங்களுக்காக இருக்கு. நிறுத்தலாம்னு தோணினா அதையும் என்கிட்ட சொல்லலாம்." குற்ற உணர்ச்சியைக் கூட்டும் எந்தச் சொல்லும் அதில் இருக்கக் கூடாது, கேள்விக்குறியும் கூடாது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று, அதற்குப் பிறகு துரத்துவதில்லை. ஆனால் தற்கொலை எண்ணம் இருந்தவர் என்றால் இந்தப் பொறுமைக்கே இடமில்லை. அன்றே அழைக்க வேண்டும். யாரை அழைக்கலாம் என்று முன்னாலேயே அவரோடு பேசிப் பெயரும் எண்ணும் வாங்கி வைத்திருக்க வேண்டும். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் இதற்குத்தான் பயன்படுகிறது: எச்சரிக்கை அறிகுறிகள், தானாகச் செய்யக்கூடியவை, போகக்கூடிய இடங்கள், பேசக்கூடிய ஆட்கள், தொழில்முறை உதவி, ஆபத்தான பொருள்களை எட்டாமல் வைப்பது. இதை முதல் வாரத்திலேயே சேர்ந்து எழுதி, அவர் செல்போனில் ஒரு படமாகவும் வைத்துவிடுகிறோம்.

எல்லாரையும் நீண்ட காலம் பிடித்து வைக்க வேண்டும் என்பதும் இல்லை. மோஷே டால்மன் ஒரே ஒரு செஷனோடு நின்றவர்களைத் தேடிப் பேசியபோது, அவர்களில் பெரும்பாலானோர் வந்த காரியம் முடிந்துவிட்டது என்றே சொன்னார்கள். இளைஞர் ஒருவர் நான்கு செஷனில் போதும் என்றால், அது போதுமானதாகவே இருக்கலாம். எனக்கு வேண்டியது, போவதை அவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான். சொல்லிவிட்டுப் போனவர் வேலை மாறும்போதோ உறவு முறியும்போதோ திரும்பி வருகிறார். சொல்லாமல் போனவர், எந்த முகத்தோடு வருவது என்று வெட்கப்பட்டே வராமல் இருந்துவிடுகிறார். அதனால் இடைவெளி விடும் பேச்சை நானே எடுத்துவிடுகிறேன்: "ரெண்டு மாசம் நிறுத்திப் பார்க்கலாமா? திரும்பி வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்துல இருந்து பேசலாம்."

இதைப் படிக்கும் நீங்களே அந்த வயதில் இருந்து, தெரபிக்குப் போய்க்கொண்டிருந்து, நிறுத்திவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தால் உங்கள் தெரபிஸ்ட்டுக்கு இதை அனுப்பலாம்: "எனக்கு வரணும்னு தோணல. காரணம் சரியா சொல்லத் தெரியல. அடுத்த செஷன்ல இதைப் பத்தி மட்டும் பேசலாமா?" நேரில் சொல்ல வராது என்பதால் எழுதி அனுப்புவதே நல்லது. நல்ல தெரபிஸ்ட் இதற்காகக் கோபப்படமாட்டார். எது ஒத்துவரவில்லை என்று கேட்பார், மாற்றிப் பார்ப்பார், தன்னால் முடியாது என்றால் வேறு ஒருவரிடம் அனுப்புவார். கோபப்பட்டாலோ, உங்களைக் குற்றவாளி ஆக்கினாலோ, அவரை விட்டு வேறு தெரபிஸ்ட்டைப் பாருங்கள். புதியவரிடம் முதல் நாளே, முன்னால் போன இடத்தில் எது சரிப்படவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.